எம்பிஏ இதற்கு மருந்து இல்லை அம்மா

காவேரிப்பட்டணத்திலிருந்து வந்திருந்தீர்கள். பையனுக்குப் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, கை நிறையச் சம்பளம், கார். ஆனால் "எதுக்கு இந்த வேலைன்னே தெரியலம்மா" என்கிறான். எம்பிஏ படித்தால் சரியாகிவிடும் என்று அவன் சித்தப்பா சொல்கிறாராம்.

சரியாகாது அம்மா. லட்சக்கணக்கில் கடன் வாங்கி இரண்டு வருடம் படித்தால் சம்பளம் கூடலாம். ‘எதுக்கு’ என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். அப்புறம் தவணை கட்ட வேண்டுமே என்று அதை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான். அந்தத் தவணையைச் சித்தப்பா கட்டப்போவதில்லை.

லீவுக்கு வந்தால் தாய்மாமனின் பட்டுப்புழு வளர்ப்பு மனையே கதி என்று கிடக்கிறான், ராத்திரியும் எழுந்து தழை போடுகிறான் என்றீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன அதில்தான் வழி இருக்கிறது.

நம் பக்கம் பட்டு என்றால் தர்மபுரி அங்காடியில் பட்டுக்கூட்டை ஏலம் விடுவதுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கட்டம் இளம்புழு வளர்ப்பு. முட்டை பொரித்ததிலிருந்து இரண்டாம் தோலுரிப்பு வரை, ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, புழுக்களை ஓரிடத்தில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் தொழில். ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி; 100 முட்டைத் தொகுதிக்கு 40,000 முதல் 50,000 புழுக்கள் வரும். அறையில் வெப்பம் 27 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொழுந்துத் தழையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரித் தழையில் படிந்தால் மொத்தப் புழுவும் போய்விடும். இந்த ஒரு வாரம் சொதப்பினால் புழு வாங்கிய அத்தனை குடும்பத்துக்கும் அந்த முறை கூடு கிடையாது. தன் உழைப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை இது. அவன் தேடுவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஓசூரில் பட்டு வளர்ச்சித் துறையின் பயிற்சி நிலையம் இருக்கிறது, மைசூரில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவனே போய் விசாரிக்கட்டும்.

பணத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கார் கடன் முடியும்வரை வேலையை விடக் கூடாது. வீட்டுப் பத்திரத்தைத் தொடவே கூடாது. முதலில் மாமன் மனையில் சில பருவம் முழுப்பொறுப்பையும் அவன் ஏற்கட்டும். பட்டுக்கூட்டின் விலை இறங்கும் பருவத்தையும் பார்க்கட்டும்.

யார் பெண் கொடுப்பார்கள் என்றும் கேட்டீர்கள். பெண் பார்க்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மறைத்துக் கட்டிவைக்காதீர்கள்.

அடுத்த முறை அவனை அழைத்து வாருங்கள். சித்தப்பா வர வேண்டாம்.