கேள்வி உங்களுடையது, பதில் லைப்சிக்கிலிருந்து

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் நம் வாசகர் ஒருவர், அந்த நாட்டின் தொழில்நுட்பம், அரசியல், அன்றாட வாழ்க்கை பற்றி மற்ற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.

இங்கே இளநீர் வண்டியில்கூட க்யூஆர் கோடு அட்டை தொங்குகிறது. ஜெர்மனியில் இன்னும் ரொக்கம், கடிதம், ஃபேக்ஸ் என்கிறார்களே, நிஜமா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

நிஜம்தான். கொரோனாவுக்குப் பிறகு கார்டு வாங்கும் கடைகள் கூடிவிட்டன, ஆனாலும் என் தெரு பேக்கரியில் 'ரொக்கம் மட்டும்' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காசைவிடக் கடிதம்தான் பெரிய சமாச்சாரம். அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதோடு சரி. தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார், இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் வரும், வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து இன்னொரு உறையில். நண்பர் வீட்டில் தங்கிக்கொண்டு பெட்டியில் தன் பெயரை ஒட்டாமல் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அல்லாடும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அரசு வேலைகளை ஆன்லைனுக்கு மாற்ற 2017இல் சட்டமே போட்டார்கள். 575 சேவைகள், 2022 முடிவதற்குள் என்று கெடு வைத்தார்கள், கெடு போய்விட்டது, வேலை முடியவில்லை. பணம் இல்லாமல் இல்லை, ஆள் இல்லாமல் இல்லை. 16 மாநிலங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள், ஆளாளுக்கு ஒரு மென்பொருள். பொதுவான ஒன்றை யார் செய்வது, யார் செலவு செய்வது என்று பேசி முடிக்கவே வருடங்கள் ஓடிவிட்டன.

இதில் அதிகம் அடிபடுவது எங்களைப் போன்ற வெளிநாட்டவர்கள். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, மின்னஞ்சலுக்குப் பதில் வராது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் அனுமதி அட்டை அப்படித்தான் காலாவதியானது, இடைக்காலச் சான்றும் கைக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரில் அவர் அப்பா இறந்துவிட்டார். போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது தெரியாமல், தலைப்பிள்ளையான அவர் இங்கே உட்கார்ந்து, தம்பி கொள்ளி வைப்பதை ஃபோனில் பார்த்தார். 'அது அவர்கள் பழக்கம், மெதுவாகத்தான் செய்வார்கள்' என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

கூகுள் வரைபடத்தில் ஜெர்மனியின் தெருக்களைப் பார்க்கப் போனால், பல வருடங்களாக நிறைய வீடுகள் மங்கலாகத்தான் தெரிந்தன. வீட்டின் வெளிச்சுவரில் அப்படி என்ன ரகசியம்?
– பொறியியல் மாணவி, கோவை

2010இல் 20 நகரங்களின் தெருப்படங்களை வெளியிடப் போகிறோம் என்று கூகுள் அறிவித்ததும், சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் 'எங்கள் வீட்டை மறைத்துவிடு' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 2023 வரைக்கும் புதுப் படங்கள் வரவில்லை. சுவருக்குப் போய் இவ்வளவா என்று தோன்றும்தான். ஆனால் நான் இருக்கும் ஊர் பழைய கிழக்கு ஜெர்மனி. நகர மையத்தில் முகப்பு வளைந்த ஒரு கட்டடம் இருக்கிறது, ஸ்டாசி என்ற உளவுத்துறையின் மாவட்டத் தலைமையகம் அதுதான், இப்போது அருங்காட்சியகம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். நீராவி காட்டிக் கடித உறைகளைத் திறக்கும் கருவி, படித்த பிறகு தடம் தெரியாமல் மறுபடி ஒட்டும் எந்திரம், அப்புறம் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே மடித்து வைத்த துணி. விசாரணைக்கு வந்தவரை உட்காரவைத்த நாற்காலியில் அந்தத் துணி இருந்திருக்கும். அவருடைய உடல் வாசனையைச் சேமித்து வைத்து, பின்னால் எங்காவது ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தால் நாயை விட்டுத் தேடுவதற்காக!

சுமார் 1.6 கோடிப் பேர் இருந்த நாட்டில் அந்தத் துறைக்கு 91,000 முழுநேர ஊழியர்கள், அதுபோக ஏறத்தாழ 1,89,000 ரகசியத் தகவலாளிகள். 1989 டிசம்பர் 4 அன்று லைப்சிக் மக்கள் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து கோப்புகளை அழிக்கவிடாமல் தடுத்தார்கள். 1992 முதல் யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய கோப்பை விண்ணப்பித்துப் படிக்கலாம். என் சக ஊழியர் ஒருவரின் அம்மா படித்தார். எழுதிக் கொடுத்தது மேல்மாடியில் இருந்தவர், இவர்கள் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

மேற்கு ஜெர்மனிக்கும் நாஜி காலத்துக் கணக்கெடுப்புகளின் நினைவு இருந்தது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் ஹெஸ்ஸே மாநிலத்தில் வந்தது. 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்து ஜனங்கள் வழக்குப் போட, தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் போகலாம் என்று முடிவு செய்வது அந்த மனிதரின் அடிப்படை உரிமை என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது இல்லையா, அதே திசைதான், 34 வருடம் முன்னால்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த எச்சரிக்கை வேறு, முந்தின பதிலில் சொன்ன தாமதம் வேறு. இங்கே அதிகாரிகள் பலர் இரண்டையும் குழப்பி, 'தரவுப் பாதுகாப்பு' என்று சொல்லியே வேலையைத் தள்ளிப் போடுகிறார்கள். அனுமதி அட்டையை நேரத்துக்குக் கொடுப்பதால் யாருடைய அந்தரங்கமும் கெடாது. நீ நாளைக்கு ஒரு செயலி எழுதும்போது அந்த எச்சரிக்கையை மட்டும் பிடித்துக்கொள் தங்கச்சி. எந்தத் தகவலைக் கேட்காமலே இந்த வேலையை முடிக்கலாம் என்று யோசித்துவிட்டு, பிறகு தகவலைச் சேமிக்கும் டேபிளை வடிவமைக்க உட்கார்.

எங்கள் அலுவலக லேப்டாப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கிறது. மவுஸ் அசையாவிட்டால் மேனேஜருக்குத் தகவல் போகிறது. அங்கே எப்படி?
– ஐடி ஊழியர், சென்னை

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. இங்கே அதைச் சத்தமில்லாமல் நுழைக்க முடியாது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஊழியர்கள் தங்களுக்குள் ஒரு பணியாளர் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். தொழிற்சங்கம் தனி, இது தனி. ஊழியரின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் ஒரு சாதாரண மென்பொருளை மாற்றினோம். குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஒருவர் கணக்குப் பிரிவு, ஒருவர் கிடங்கில் வேலை செய்பவர். ஒவ்வொரு திரையாகத் திறக்கச் சொன்னார்கள். 'இந்த அறிக்கையில் யார் எத்தனை புகார் முடித்தார் என்று பெயரோடு வருகிறதே, இது எதற்கு?' என்றார் கிடங்குக்காரர். எங்களிடம் பதில் இல்லை, அது மென்பொருளோடு சும்மா வந்த வசதி. பெயர்களை எடுத்துவிட்டுக் குழுவாரியாக மட்டும் காட்டும்படி மாற்றினோம், ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது, திட்டம் ஐந்து மாதம் தள்ளிப் போனது. அந்த ஐந்து மாதமும் தகும் என்றுதான் நான் நினைக்கிறேன். கணினியைத் தொழிலாக வைத்திருக்கும் எங்களுக்குத் தோன்றாத கேள்வியை, அதன் கீழே வேலை செய்யப் போகிறவர் கேட்டார்.

அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான சட்டம் இருக்கிறது, உன்னிடம் இல்லை. தனியாக மேனேஜரிடம் போய் நிற்காதே. சென்னையில் ஐடி ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன, அவர்களிடம் பேசு.

ஜெர்மனியில் வாக்குப்பதிவு எந்திரத்தைத் தடை செய்துவிட்டார்களாமே? நம் நாட்டிலும் செய்ய வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

தடை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது ஐயா. 2005 பொதுத்தேர்தலில் சில இடங்களில் எந்திரம் வைத்தார்கள். ஓர் அப்பாவும் மகனும் வழக்குப் போட்டார்கள். 2009 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத ஒரு சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும், அந்த எந்திரங்களில் அது முடியாது, ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு விரோதம். மோசடி நடந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, தேர்தலையும் ரத்து செய்யவில்லை.

இப்போது காகிதம், பேனா, இரண்டு ஓட்டு – ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சீட்டுகளைக் கொட்டி எண்ணுவார்கள். எண்ணுகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நின்று பார்க்கலாம். ஓட்டு இல்லாத நானும் போய் நின்றிருக்கிறேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே வாக்காளர்கள் சுமார் 6 கோடி, நமக்கு 2024இல் ஏறத்தாழ 97 கோடி. வாக்குச்சாவடியைக் கைப்பற்றி முத்திரை குத்திய காலத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதனால் பழையபடி சீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சாதாரண மனிதர் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதை நாமும் பிடிவாதமாகக் கேட்கலாம். போட்ட ஓட்டை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் சீட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 எந்திரங்களின் சீட்டுகளைத்தான் எண்ணி ஒப்பிடுகிறார்கள், எல்லாவற்றையும் எண்ணக் கேட்ட மனுவை 2024இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இன்னும் அதிகமாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து. முடிவு ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மகன் முதுகலை படிக்க ஜெர்மனி போக வேண்டும் என்கிறான். அங்கே வெளிநாட்டவரை வெறுக்கும் கட்சி வளர்கிறது என்று செய்தியில் பார்த்துப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மதுரை

பயம் நியாயமானதுதான் அம்மா. 2025 பிப்ரவரி தேர்தலில் நீங்கள் சொல்லும் அந்த ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீத வாக்கோடு நாட்டில் இரண்டாவதாக வந்தது, நான் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் முதலிடம். 1990இல் நாடு ஒன்றானதும் கிழக்கே ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன, இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள், அந்த ஆறாத கசப்பு இன்றைக்கு எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. வெளிநாட்டவரே அதிகம் இல்லாத ஊர்களில்தான் அந்தக் கட்சிக்கு ஓட்டு குவிகிறது.

டிராமில் ஒருவன் என்னைப் பார்த்து 'உன் நாட்டுக்குப் போ' என்று கத்தியிருக்கிறான். முன்சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் இறங்கும் வரைக்கும் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பேருமே இந்த ஊர்க்காரர்கள்தான்.

இந்தியர்கள் விஷயத்தில் இந்த நாடு முன்னும் பின்னுமாகவே நடந்திருக்கிறது. 2000இல் ஷ்ரோடர் அரசு கணினி வல்லுநர்களை அழைத்தபோது, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா தேர்தலில் ரூட்கர்ஸ் என்ற எதிர்க்கட்சித் தலைவரின் பிரசாரம் 'இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்' என்ற முழக்கத்தோடு அடையாளமாகிப் போனது, அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். 2024இல் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்தப் போவதாக அரசு அறிவித்தது. முதியவர்கள் பெருகிவிட்டார்கள், ஆள் வேண்டும்.

பையனை அனுப்புங்கள், ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு. பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ, வேறு சில இடங்களிலும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தள்ளிவிடும் தனியார் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வேலை கிடைக்காமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு கனத்துவிட்டது. ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார்கள் என்று நம்பி வராமல், கிளம்பும் முன்பே ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை அளவாவது படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். டிராமில் யார் என்ன சொல்கிறார் என்று புரிவதே பாதி தைரியம்.

அங்கே தமிழர்கள் உண்டா? கோயில் உண்டா?
– வாசகி, காரைக்குடி

ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு. தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும், காவடியும் உண்டு. கட்டியவர்கள் 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள். நாங்கள் விசாவோடும் வேலையோடும் வந்து இறங்குவதற்கு முன்பே கையில் ஒன்றுமில்லாமல் வந்து, கடை வைத்து, கோயில் கட்டி, வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தியவர்கள் அவர்கள். எங்கள் சமையலறையில் கறிவேப்பிலை இருப்பதே அவர்கள் கடைகளின் புண்ணியத்தில்.

ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டீர்களா? இந்தியாவில் ஓட்டு இருக்கிறதா?
– சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

இன்னும் இல்லை. 2024 ஜூன் 27 முதல் ஐந்து வருடம் இருந்தாலே இங்கே விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விடச் சொல்லி இவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. ஜெர்மன் குடிமகனாகும் அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், அதை வைத்து ஓட்டுப் போட முடியாது.

இப்போதைய நிலைமை என்னவென்றால், இங்கே சம்பளத்தில் பெரும்பகுதி வரிக்கும் காப்பீட்டுக்கும் போகிறது, ஆனால் நகரசபைத் தேர்தலில்கூட எனக்கு ஓட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு நாட்டவர் வந்து மூன்றே மாதம் ஆகியிருந்தாலும் அவருக்கு அது உண்டு. ஊரில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம், ஆனால் வாக்களிக்க நேரில் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும், ஒரு ஓட்டுக்காக டிக்கெட் எடுத்து வர என்னால் முடியவில்லை. இரண்டு நாட்டிலும் ஓட்டு இல்லாமல் காலம் ஓடுகிறது. அடுத்த வருடம் விண்ணப்பிப்பதாக முடிவு செய்திருக்கிறேன், அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சாக்சனியில் ஏஎஃப்டி முதலிடத்தில் இருக்கும்போது வெளியில் நின்று எண்ணிக்கையை வேடிக்கை பார்ப்பதைவிட, பெட்டியில் ஒரு சீட்டுப் போடுகிறவனாக இருப்பது எனக்கு முக்கியம்.