சாமியையும் ராணியையும் வரையும் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

"எந்நேரமும் சாமி படமும் ராணி படமுமாக வரைந்துகொண்டிருக்கிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கை நன்றாக இருக்கிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது செக்மெத் படம்தான். எகிப்தின் சிங்கமுகத் தேவி. காலடியில் சிவப்பாக ஏதோ தேங்கி நிற்கிறது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறாள்: "இது ரத்தம் இல்லை, பீர்." மனிதர்களை அழிக்கப் புறப்பட்ட தேவியை நிறுத்த வழி தெரியாமல், பீரில் சிவப்பு நிறம் கலந்து நிலமெங்கும் ஊற்றினார்கள், ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கிக் கோபம் தணிந்தாள் என்பது பழைய எகிப்தியக் கதை. அந்தக் கதையைத் தேடிப் படித்த பிறகே உங்கள் மகள் தூரிகையை எடுத்திருக்கிறாள். அழகாக வரைகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். இப்படித் தேடிவிட்டு வரைகிறவர்கள் குறைவு.

அவளுடைய கிளியோபாட்ராவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நெற்றியில் நேராக வெட்டிய முடி, காதுவரை இழுத்த கண்மை எல்லாம் சினிமா கொடுத்த முகம். அவர் உயிரோடு இருந்தபோதே அடித்த நாணயங்களில், கூந்தலை வாரிப் பின்னால் கொண்டை போட்டு, தலையைச் சுற்றி அரசப் பட்டை கட்டியிருக்கிறார். மூக்கு எடுப்பானது. ஆண்டது எகிப்தை என்றாலும், வம்சம் மாசிடோனியாவிலிருந்து வந்த கிரேக்க வம்சம் அல்லவா? அந்த நாணயப் படங்களைப் பார்த்து மறுபடி வரையச் சொல்லுங்கள். பழைய படத்தைக் கிழிக்க வேண்டாம், இரண்டும் வேண்டும்.

இந்தத் தேடல் எங்கே சம்பளமாகிறது என்றுதானே கேட்பீர்கள்? கிரேக்க நாட்டு ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் என்ற பழைய கோயில் குன்றில் 1886-இல் ஒரு பளிங்குச் சிலை கிடைத்தது. கி.மு. 530 வாக்கில் செய்தது. பெப்லோஸ் என்ற எளிய உடை உடுத்திய இளம்பெண் என்று நினைத்து 'பெப்லோஸ் கோரே' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு வின்சென்ஸ் பிரிங்க்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் புற ஊதா ஒளியில் சிலையை ஆராய்ந்தார்கள். அழிந்துபோன வண்ணத்தின் தடங்களில் உடையெங்கும் விலங்கு உருவங்கள் தெரிந்தன. அப்படியானால் இவள் சாதாரணப் பெண் இல்லை, ஒரு தெய்வம், கிரேக்கர்களின் வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பிறகு பிரதி செய்து, அதில் வண்ணம் தீட்டிக் காட்டினார்கள். சிலைக்கு நிறம் வந்ததும் அது யார் என்ற கேள்வியே மாறிவிட்டது! வண்ணம் தெரிந்தவரும் வரலாறு தெரிந்தவரும் சேர்ந்து செய்கிற வேலை அது.

அருங்காட்சியகங்களுக்கான மீட்டுருவாக்க ஓவியம் (பழையது அன்று எப்படி இருந்திருக்கும் என்று வரைவது), அகழாய்வில் கிடைத்த பொருள்களை அளவு பிசகாமல் வரைவது, பழைய ஓவியங்களையும் சிலைகளையும் பாதுகாப்பது என்று இதற்கு உறவான துறைகள் இருக்கின்றன. வரலாற்றுப் படங்களுக்கு உடை, அரங்க வடிவமைப்பு, வீடியோ கேம்களுக்குக் கான்செப்ட் ஆர்ட் என்கிற முன்வடிவ ஓவியம், சிறுவர் நூல் ஓவியம் ஆகியவையும் உண்டு. கணினி நொடியில் படம் தருகிற காலம் இது, பயப்படுவது நியாயம்தான். ஆனால் எகிப்தியத் தேவி ஐசிஸின் தலையில் இருக்க வேண்டியது சிம்மாசனக் குறியா, மாட்டுக் கொம்பும் சூரிய வட்டுமா, எந்தக் காலத்தில் எது என்று பார்த்துச் சொல்ல விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: வேதியியலை விட்டுவிட வேண்டாம். கலைப்பொருள் பாதுகாப்பு மேற்படிப்புக்குப் பல இடங்களில் அதைக் கேட்கிறார்கள். எகிப்திய நீலம் என்ற பழங்கால நிறமி ஏன் அகச்சிவப்புக் கேமராவில் மட்டும் ஒளிர்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அவளே புத்தகத்தை எடுப்பாள்.

வருமானத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். தனியாக ஓவியம் விற்றே வாழ்வது கடினம், தொடக்க வருடங்களில் மாதா மாதம் பணம் வராது. அதனால் பட்டப்படிப்போடு வேலை தருகிற ஒரு திறனும் இருக்கட்டும்: டிஜிட்டல் ஓவியமோ, அகழாய்வு வரைதலோ. அப்புறம், முன்பணமும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் யாருக்கும் வரைந்து தர வேண்டாம். இன்றும் வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தை வரையும்போது, கும்பிடுகிறவர்களிடம் முதலில் பேசட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். அவளுடைய படங்களை ஒரு தொகுப்பாக்கட்டும், 12 படங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முதல் கிறுக்கல், பார்த்த சிலை அல்லது நாணயம், எதை ஊகித்தாள், எதை மாற்றினாள் என்று அரைப் பக்கக் குறிப்பு. இரண்டு கிளியோபாட்ராக்களையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்ததாக, எகிப்தை ஆண்ட அரசி ஹட்ஷெப்சுட்டை வரையட்டும். பெண்ணாக இருந்தும் சில சிலைகளில் அரசருக்குரிய பொய்த்தாடியோடு நிற்கிறார். அது ஏன் என்று அவள் கண்டுபிடித்ததை நீங்கள் முதலில் கேளுங்கள். அந்தப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள், கல்லூரிப் பட்டியலை அப்போது சேர்ந்து பார்ப்போம்.