வீட்டில் ஓடிய புரோகிராம் கடையில் ஏன் படுத்துவிட்டது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பழைய போட்டோக்களில் உள்ள புள்ளிகளையும் கீறல்களையும் நீக்க சி++-இல் ஒரு புரோகிராம் எழுதினேன். வேகம் கூடும் என்று ஜிசிசி கம்பைலரில் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) ‘எம்ஆர்ச்=நேட்டிவ்’ என்ற ஃப்ளாக்கைப் போட்டு, புது லேப்டாப்பில் பில்ட் செய்தேன். நன்றாக ஓடியது. புதுச்சேரி நேரு வீதியில் மாமாவின் ஸ்டுடியோவில் போட்டால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. அங்கே இருப்பது இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5 சிபியு. இரண்டிலும் உபுண்டு 22.04தான்.

பதில்: உங்கள் கோடில் பிழை தேட வேண்டாம். ‘நேட்டிவ்’ என்றால், பில்ட் நடக்கிற மெஷினில் என்னென்ன வசதி உண்டோ அத்தனையையும் பயன்படுத்திக்கொள் என்று பொருள். அந்த ஃபைல் நாளைக்கு எந்தக் கடைக்குப் போகும் என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? உங்கள் லேப்டாப்பில் ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் கட்டளைத் தொகுதி), எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்யும் கட்டளைகள்) இரண்டும் இருக்கும். இன்டெல் அவற்றை 2013-இல் ஹாஸ்வெல் எனும் நான்காம் தலைமுறையில்தான் கொண்டுவந்தது. மாமாவுடையது அதற்கு ஒரு படி முந்தைய ஐவி பிரிட்ஜ். தனக்குத் தெரியாத கட்டளை வந்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடுகிறது.

கடையில் டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்சிபியு’ கொடுத்து, சிபியுவின் வசதிகளைப் பட்டியலிடும் ஃப்ளாக்ஸ் வரியைப் பாருங்கள். ஏவிஎக்ஸ் என்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கடைசியில் 2 ஒட்டியிருக்காது. இன்னும் சந்தேகமா? ஜிடிபி எனும் பிழை தேடும் கருவியில் ஓட்டி, நின்ற இடத்தில் உள்ள கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள். ‘விஎஃப்எம்ஏடிடி’ என்று தொடங்கினால் குற்றவாளி எஃப்எம்ஏ. நானும் ஒருமுறை இப்படிப் பில்ட் செய்ததைப் பென்டியம் மெஷினுக்குக் கொண்டுபோய், அரை நாள் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். 2013-க்குப் பிறகு வந்த பென்டியம், செலரான் பலவற்றில் ஏவிஎக்ஸே கிடையாது. வாங்கிய வருஷத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

சரி, என்ன போடுவது? மாமா கடைக்கு மட்டும்தான் என்றால் ‘எம்ஆர்ச்=ஐவிபிரிட்ஜ்’. திருப்பாதிரிப்புலியூரில் இன்னொரு ஸ்டுடியோக்காரரும் கேட்பார் என்றால் ‘எக்ஸ்86-64-வி2’. இது ஒரே சிபியுவுக்கு என்றில்லாமல் பல சிபியுக்களுக்கும் பொதுவான படி; ஏவிஎக்ஸுக்கு முந்தைய தொகுதியான எஸ்எஸ்இ4.2 வரை போகும். ஏவிஎக்ஸ்2-வும் எஃப்எம்ஏ-வும் வி3-இல் வருகின்றன, ஏவிஎக்ஸ்-512 வி4-இல். ஜிசிசி 11 முதல் இந்தப் பெயர்கள் செல்லும், உபுண்டு 22.04-இல் இருப்பதும் அதுதான். ‘எம்ட்யூன்’ என்ற ஃப்ளாக் வேறு சமாச்சாரம். அது கட்டளைகளைத் தேர்ந்தெடுப்பதையும் வரிசைப்படுத்துவதையும் மட்டும்தான் மாற்றும், புதுக் கட்டளை எதையும் சேர்க்காது. அதனால் புரோகிராம் படுக்காது.

வேகம் போய்விடுமே என்கிறீர்களா? கம்பைலர் வேகத்துக்காக எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைச் சொல்லும் படிகள் ஓ2, ஓ3. முதலில் நீங்கள் ஓ2-வில் பில்ட் செய்கிறீர்களா, ஓ3-இலா என்று பாருங்கள். ஜிசிசி 11, ஓ2-வில் லூப்களைத் தானாக வெக்டராக (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வகையில்) மாற்றாது. அதனால் ஓ2-வோடு ‘நேட்டிவ்’ போட்டுப் பெரிய லாபம் கிடைத்திருக்காது. ஓ3 போட்டு, நேரம் எடுத்துப் பாருங்கள். எட்டு பிட் பிக்சல்களை எஸ்எஸ்இ ஒரே கட்டளையில் 16 எடுக்கும், ஏவிஎக்ஸ்2 32 எடுக்கும். அந்த வித்தியாசம் வேண்டும் என்றால், புள்ளி நீக்குகிற அந்த ஒரு ஃபங்ஷனின் தலையில் மட்டும் ‘டார்கெட் குளோன்ஸ்’ ஆட்ரிபியூட்டைப் போட்டு, ‘டிஃபால்ட்’, ‘ஏவிஎக்ஸ்2’ என்று இரண்டையும் கொடுங்கள். கம்பைலர் இரண்டு பிரதி எழுதிவைக்கும். லினக்ஸில் புரோகிராம் தொடங்கும்போது சிபியுவைப் பார்த்துத் தோதானது தேர்வாகும். என் ஓட்டு இதற்குத்தான்.

டெசிமல் கணக்கு இருந்தால், எஃப்எம்ஏ பெருக்கலையும் கூட்டலையும் ஒரே தடவையில் ரவுண்ட் செய்வதால், முன்பு லேப்டாப்பில் வந்த படத்துக்கும் இப்போது வருவதற்கும் அங்கங்கே ஒரு பிக்சலின் மதிப்பு ஒரு எண் மாறலாம். கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம், ஃப்ளாக் மாற்றியதும் ‘மேக் க்ளீன்’ கொடுக்க மறக்காதீர்கள். மேக்ஃபைலை மட்டும் மாற்றினால் முன்பு கம்பைல் செய்த பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அதில் ஒன்று மிஞ்சினாலும் நேரு வீதியில் அதே வரிதான் வரும். இமேஜ் லைப்ரரி எதையாவது நீங்களே ‘நேட்டிவ்’ போட்டு பில்ட் செய்திருந்தால், அதையும் திரும்பப் பில்ட் செய்யுங்கள்.