திட்டினால் சாமி கோபித்துக்கொள்ளுமா?

வணக்கம் ஐயா,

நெருங்கிய உறவினர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இப்போது கடன் என் தலையில். வந்த நோட்டீஸைப் பிரிக்காமலே சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். மனைவிக்கு இன்னும் தெரியாது. ராத்திரி கும்பிட உட்கார்ந்தால் வாயில் ஒரு வார்த்தை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பஜனைக்கு வரும் பெரியவர் ஒருவர், ‘உனக்கு நம்பிக்கை போதாது, முழுசாக நம்பியிருந்தால் எப்போதோ வழி பிறந்திருக்கும்’ என்கிறார். அவர் சொல்வது சரியா? ஆண்டவன் கைவிட மாட்டார் என்று இன்னும் எதை வைத்து நம்புவது?

ம.

அன்புள்ள ம.,

பெரியவரை முதலில் பார்த்துவிடுவோம். கஷ்டத்தில் இருப்பவனிடம் போய் ‘உன் நம்பிக்கை போதாது’ என்று சொல்வது ரொம்பச் சுலபம். கஷ்டம் தீர்ந்தால் சொன்னவருக்குப் பெருமை, தீராவிட்டால் பழி உங்கள் மேல். அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் உங்கள் கோபம். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் ஞாபகம் வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதுமே இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவர்மேல்தான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டே கோயில் கோயிலாகச் சிவனிடம் முறையிடுகிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்ற யாராக இருந்தாலும் இந்த மட்டும் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவரோ திருவாரூர் போய் நின்று, அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் பாட்டுக்குச் சும்மா இருப்பீர், ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். நீர் நல்லா இரும் ஐயா என்று ஒருவரிடம் எந்தத் தொனியில் சொல்வோமோ, அந்தத் தொனி! அந்தப் பதிகத்தின் முதல் வரியே ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்’ என்று தொடங்குவதையும் பாருங்கள். வேறு யாரிடமும் போக மாட்டேன் என்பவனுக்குத்தான் இப்படி வைய உரிமை உண்டு. மற்றொரு கண்ணும் அங்கேதான் வந்தது. வேண்டாதவரிடம் யாரும் உரிமையோடு கோபித்துக்கொள்வதில்லை. நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து சாமியிடம் கோபப்படுகிறீர்கள் என்றால், எதிரில் ஆள் இருப்பதாக இன்னும் நம்புகிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பைபிளின் 88-ஆம் சங்கீதமும் கடைசிவரை புலம்பல்தான், ஆறுதலாக ஒரு வரி கூட இல்லாமலே முடிகிறது. அதையும் பிரார்த்தனை என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

வாயில் வார்த்தை வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தளர்ச்சி வந்து வாட்டும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் ‘அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்’ என்று பெரியாழ்வாரே அரங்கனிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கிறார். அவர் சொன்னது கடைசிக் காலத்தை நினைத்து. நமக்கு இந்த மாதிரி ராத்திரிகளுக்கும் அது ஆகும். நல்ல நாட்களில் நீங்கள் கும்பிட்டதெல்லாம் கணக்கில் இல்லாமலா போகும்?

எதை வைத்து நம்புவது என்று கேட்கிறீர்கள். கடன் தீர்ந்துவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பைபிளின் தானியேல் புத்தகத்தில், ராஜா வைத்த சிலையைக் கும்பிடாத மூன்று பேரைச் சூளையில் போடப் போகிறார்கள். எங்கள் கடவுள் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அப்படி விடுவிக்காமல் போனாலும் உன் சிலையைக் கும்பிட மாட்டோம் என்று ராஜாவிடம் அதே மூச்சில் சொல்கிறார்கள். அவர்கள் பிழைத்தது அப்புறம் நடந்த விஷயம். சொல்லும்போது அது அவர்களுக்குத் தெரியாது. நம்பிக்கை என்றால் எனக்கு அந்த இடம்தான் முதலில் ஞாபகம் வரும்.

சரி, அந்த நோட்டீஸ். அதைச் சாமிக்கு முன்னால் வைத்ததில் தப்பில்லை. பிரிக்காமல் வைத்ததுதான் தப்பு. பதில் சொல்ல அதில் ஒரு கெடு போட்டிருப்பார்கள், சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது என்பதற்காக அது நிற்காது. நாளைக்கே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தவணையாகக் கட்ட இடம் உண்டா, ஓடிப்போனவரிடமிருந்து வசூலிக்க வழி உண்டா என்று கேளுங்கள். கேட்ட உதவி ஒரு வக்கீல் மூலமாக வரக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதற்கு முன்னால், மனைவியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டட்டும்.