15, 16 வயது டிஃபண்டர்களை சீனியர் ஹாக்கி அணியில் இறக்கலாமா?

கேட்டவர் கும்பகோணம் பக்கம் ஒரு கிளப் நடத்துகிறார். மூன்று பையன்கள் டிஃபன்ஸில் நன்றாக வருகிறார்களாம். இப்போதே சீனியர் அணியில் ஆட விடலாமா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாமா என்பது கேள்வி.

இறக்குங்கள். ஆனால் முழு மேட்ச்சுக்கு வேண்டாம், ஐந்தைந்து நிமிடமாக இறக்குங்கள். ஹாக்கியில் ஒரு ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே எடுத்து உள்ளே விடலாம். 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு இருக்கிறது. இரண்டாவது குவார்ட்டரில் அனுபவமுள்ள சென்டர் பேக் பக்கத்தில் ஒருவனை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். மறுபடி அனுப்புங்கள். அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள், முக்கியமாக அவன் தவறு செய்துவிட்டு வந்திருந்தால்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மன்னார்குடி பக்கம் பள்ளியில் படித்தபோது நான் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்க டிஃபண்டர். பத்தாம் வகுப்பில் ஒரு நாக் அவுட் மேட்ச். எதிரணி ரைட் விங் பந்தோடு வந்தான், நான் பாய்ந்தேன், அவன் பக்கக் கோட்டோரமாக என்னைத் தாண்டிப் போனான், கோல். சார் என்னை வெளியே எடுத்தார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு மேட்ச் பெஞ்சில்தான். அதற்குப் பிறகு பந்து என்னிடம் வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்துத் தள்ளுவேன். பள்ளி முடியும்வரை அந்தப் பயம் போகவில்லை. ஃபார்வர்டு பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் போட்டால் தோளில் தூக்குகிறோம். டிஃபண்டர் ஐம்பது முறை நிறுத்தி ஒரு முறை விட்டால் அந்த ஒன்றைத்தான் ஊரே பேசுகிறது. பதினைந்து வயதுப் பையனால் இதைத் தனியாகத் தாங்க முடியாது, அணிதான் தாங்க வேண்டும்.

அன்று என் தவறு என்ன என்பது பல வருடம் கழித்து, நானே மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. ஹாக்கி ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தாலும் விளிம்பாலும்தான் பந்தை ஆடலாம், வளைந்த பின்பக்கத்தால் கூடாது. அதனால் நம் வலது பக்கம் வரும் பந்து சுலபம், இடது பக்கம் வருவதற்கு ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் போக வேண்டும். ரைட் பேக்குக்குக் கோடு அவன் வலது பக்கம். ஆளைக் கோட்டை நோக்கி ஒதுக்கிவிட்டு நல்ல பக்கத்திலேயே டாக்கிள் செய்யலாம். லெஃப்ட் பேக்குக்கு எல்லாம் தலைகீழ். கோட்டுப் பக்கம் ஒதுக்கினால் ரிவர்ஸில் பிடிக்க வேண்டும். உள்பக்கம் ஒதுக்கினால் ஆளை நேராக டிக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள், அனுப்பிய மாதிரி. இதற்கு ஒரே வழி கால்தான். இடது காலைக் கோட்டுப் பக்கம் நன்றாக எடுத்து வைத்து, பந்து நம் வலது முன்பக்கத்திலேயே இருக்கும்படி பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். அப்போது உள்வழி திறக்கும். அதை சென்டர் பேக்கோ, நமக்கு முன்னால் நடுக்களத்தில் ஆடும் லெஃப்ட் ஹாஃபோ மூட வேண்டும். "உள்ள நான் இருக்கேன்டா, நீ கோட்டைப் பாரு" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தால் பையன் பாய மாட்டான். அன்று எனக்கு அந்தக் குரல் இல்லை, என் இடது கால் பின்னால் கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் பக்கத்தில் நிறுத்தும் சீனியர், பெரிய ஆட்டக்காரரா என்பதைவிட வாய் ஓயாமல் பேசுபவரா என்று பாருங்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோலில் நின்ற நாட்களில் அவர் சத்தம் இந்திய டிஃபன்ஸுக்கு இன்னொரு ஆள் மாதிரி இருந்தது.

மண் தரையில் பந்து துள்ளிக்கொண்டு வரும், நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்றே ஆடிப் பழகிவிடுகிறார்கள். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், அதே பந்து தரையோடு வழுக்கி வரும்போது ஸ்டிக்குக்கு அடியில் போய்விடுகிறது. டர்ஃப் தேடி கோவில்பட்டிக்கோ மதுரைக்கோ தினமும் பஸ் ஏற முடியாது. எங்களுக்குக் கைகொடுத்தது நெல் காயவைக்கும் சிமெண்ட் களம். குறுவை, சம்பா அறுவடை நேரம் போக மற்ற நாளில் அது சும்மாதான் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகக் கிடக்கும்போதும், மழை விட்டு அரை மணியில் களத்தில் தண்ணீர் வடிந்துவிடும். லேசான ஈரத்தில் பந்து சீறிக்கொண்டு போகும். பழைய ஸ்டிக்கைக் கொடுங்கள், சிமெண்ட் மரத்தைத் தேய்த்துவிடும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் படுக்கப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஓடவிட வேண்டாம், விழுந்தால் தோல் போய்விடும். எங்கள் பெண் பிள்ளை ஒருத்தி மூன்று மாதம் இதை மட்டுமே செய்தாள். முதல் முறை டர்ஃபில் இறங்கியபோது, "இது நம்ம களம் மாதிரியேதான் சார் இருக்கு" என்றாள்.

பெனால்டி கார்னர், அதாவது டிக்குள் நாம் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு, இந்த விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்கு அடிபட்டாலோ, அட்டை வாங்கி அவர் வெளியே போனாலோதான் விலக்கு. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு இறக்கிய சின்னப் பையன் அந்த நேரத்தில் கார்னருக்கு நின்றே ஆக வேண்டி வரலாம். கோல்கீப்பர் போக நான்கு பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். அதில் அடிப்பவனை நோக்கி முதலில் பாய்ந்து ஓடும் வேலையை முகக்கவசம், கையுறை, முழங்கால் பேட் இல்லாமல் எந்தப் பையனுக்கும் கொடுக்காதீர்கள். 160 கிராம் எடையுள்ள கடினப் பந்து அது. முதல் ஷாட் ஓங்கி அடிக்கும் ஹிட்டாக இருந்தால்தான் கோல் பலகையின் 46 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு, ஸ்டிக்கால் தூக்கி எறியும் ஃப்ளிக்குக்கு அது கிடையாது. கவசம் வாங்கக் காசு சேரும்வரை அவன் கம்பத்தோரம் நிற்கட்டும். கோப்பை போனால் போகட்டும்.

மூவரையும் இப்போதே பேக் என்று முத்திரை குத்திவிடவும் வேண்டாம். பயிற்சி ஆட்டத்தில் வாரம் ஒரு நாள் ஹாஃபிலும் ஃபார்வர்டிலும் ஆடட்டும். தன்னை ஏமாற்றும் ஃபார்வர்டு எங்கே பார்க்கிறான் என்பது அங்கே நின்றால்தான் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் இந்திய டிஃபண்டர் அமித் ரோகிதாஸுக்கு சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்தே பேர். நடுக்களத்து ஆட்டக்காரர்கள் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பியதால்தான் 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயிக்க முடிந்தது.

சீனியரில் ஆடியவனை ஜூனியருக்கு அனுப்பினால் மனம் உடைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்திய டிஃபண்டர் ஹர்மன்பிரீத் சிங் 20 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே 2016 டிசம்பரில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை ஆடி, ஜெயித்த அணியில் இருந்தார். எட்டு வருடம் கழித்துப் பாரிஸில் வெண்கலம் வாங்கிய அணிக்கு அவர்தான் கேப்டன். வெள்ளிக்கிழமை சீனியர், ஞாயிற்றுக்கிழமை தன் வயதுப் பையன்களோடு என்று ஆடினால் எந்த மரியாதையும் குறையாது. அங்கே அவன் தைரியமாகப் பந்தை எடுத்துக்கொண்டு மேலே போவான், ஓங்கி அடிக்காமல் ஸ்டிக்கால் தள்ளிவிடும் புஷ் பாஸ் கொடுத்துப் பழகுவான். "அடிச்சுத் தள்ளுடா" என்று வெளியிலிருந்து கத்துகிறவர்களை அன்று ஒருநாள் அடக்கி வையுங்கள்.

விளையாட்டு விடுதித் தேர்வு வந்தால் மூவரையும் அனுப்புங்கள். உங்கள் அணியின் பொங்கல் டோர்னமெண்டுக்கு ஆள் குறையும், பரவாயில்லை.

மூன்று பேரில் இடப்பக்கம் ஆடுபவன் யார் என்று நீங்கள் எழுதவில்லை. நாளை மாலை ஒரு விங்கரை அவன் மேல் ஓடவிட்டு, பந்தைப் பார்க்காமல் அவன் இடது காலை மட்டும் பத்து முறை பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசுவோம்.