சென்னையில் எந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பதை அதன் வயது முடிவு செய்யலாமா?

நூறு ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களை மட்டும் காப்பாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். நூறாண்டு என்ற அளவு 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் இருக்கிறது. ஒன்றைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்க வேண்டுமானால் அது குறைந்தது 100 ஆண்டுப் பழைமை உடையதாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறதே தவிர, அந்த வயதை எட்டாதவற்றை இடித்துவிடலாம் என்று கூறவில்லை.

வயதை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் இழப்புதான். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985இல் தீக்கு இரையானபோது அதற்கு வயது 85. பழைய புத்தகம் தேடி வந்த தலைமுறைகளின் நினைவில் நிற்கும் அந்தச் சந்தை, நூறாண்டுக் கணக்குப்படி பாதுகாப்புக்கே தகுதி பெற்றிருக்காது. மாறாக, அண்ணா சாலையில் 1897இல் ஸ்மித் மருந்து நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எனப் பெயர் பெற்ற மாளிகை நூறைத் தாண்டியிருந்தும் 2006இல் இடிக்கப்படத் தொடங்கியது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்ததால்தான் எஞ்சிய பகுதியாவது தப்பியது. அதே சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்துக்கு இன்னும் நூறு ஆகவில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, பட்டணத்துக்கு வந்துவிட்டோம் என்று உணர்ந்த கட்டடம் அது. நாளை அதை இடிக்க முற்பட்டால், வயது போதாது என்று நாம் சும்மா இருக்க முடியுமா?

என்னைக் கேட்டால், ஒரு கட்டடம் வேறெங்கும் கிடைக்காத எதைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது என்பது பெருமைதான். அதைவிட, பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காக மரமே இல்லாமல் வளைவாக எழுப்பிய அதன் கனத்த கூரை, அக்காலத்துச் சென்னை எத்தகைய அச்சத்தில் வாழ்ந்தது என்பதை நேரில் காட்டுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதே காரணத்தால்தான் பாரம்பரியக் கட்டடப் பட்டியல்களில் இடம்பெறாத பழைய வீடுகளைப் பற்றியும் கவலைப்படுகிறேன். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து இறுக்கி, தட்டை ஓடுகளைப் பதித்து முடிக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். பழைய வீடு ஒவ்வொன்று இடிபடும்போதும், அந்த வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இருக்கும் மாதிரி ஒன்று குறைகிறது.

புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசுவதும் கேடுதான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால், காலப்போக்கில் பூச்சு உப்பி உதிர்ந்து செங்கல்லும் அரிக்கத் தொடங்கும். ஆகவே, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் கட்டிய ஆண்டோடு, எந்தப் பொருளால் எந்த முறையில் கட்டப்பட்டது, இன்று என்ன பயன்பாட்டில் இருக்கிறது, பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பவையும் கட்டாயம் பதிவாக வேண்டும் என்று கருதுகிறேன்.