எட்டாம் வகுப்புக்குச் சொந்தமாக எழுத வரவில்லையா?

நீடாமங்கலம் பக்கம் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கேள்வி பதிலை மனப்பாடமாக எழுதுகிறார்கள், கட்டுரை என்றால் பேனாவை மூடிவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருஷம் எனக்கும் இதே கதைதான்.

கட்டுரைத் தலைப்புகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள், டீச்சர். பிள்ளைகள் ஊரில் பார்ப்பதையே பேச வையுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அடுத்து கல்லணை, அப்புறம் உங்கள் ஊர் வாய்க்காலுக்கே தண்ணீர் வந்துவிடும். "யார் வீட்டில் நாற்று விட்டாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சுதான் முதலில் வாய் திறக்கும். "வாய்க்கால்ல நண்டு புடிச்சோம் டீச்சர், கையக் கடிச்சிடுச்சு" என்று ஒருவன் சொன்னால் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் எழுத்துத் தமிழில் அவர்களே மாற்றட்டும்: "வாய்க்காலில் நண்டு பிடித்தோம், கையைக் கடித்துவிட்டது." வேற்றுமை உருபும் ஒற்றும் அதிலேயே வந்துவிடும். என் வகுப்பில் தயக்கம் உடைந்தது இப்படித்தான்.

நோட்டுத் திருத்தும்போது இரண்டு பிழைக்கு மேல் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். தலைமையாசிரியர் கேட்டால் கேட்கட்டும். தையில் பொங்கல் லீவு, சம்பா அறுப்பு என்று வகுப்பு இளைத்துவிடும். கனமான பாடங்களை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள்.